யன்னலைத் திறந்துவிட்டு வாசிப்பது

போன வருடம் பக்கத்து ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு எங்களை வாசிக்கக் கேட்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேர்: வயலின், மிருதங்கம், பாட ஒரு தங்கச்சி, கிற்றாரோடு நான். பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தைத் திறந்து தந்தார்கள். யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கதிரைகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான அம்பை மேடையில் வைத்து, ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் றிவேர்ப்பை வீட்டில் வழக்கமாக வைக்கிற அளவிலேயே விட்டு ஒரு கோர்ட் மீட்டினேன். வாசலில் நின்ற ஐயா ஒருவர் உள்ளே வந்து, "தம்பி, உது கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். றிவேர்ப்பை அடியோடு குறைத்தேன். பாஸையும் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டினேன். ஐயா தலையாட்டிவிட்டுப் போனார். ஆறரைக்கு நிகழ்ச்சி தொடங்கியபோது மண்டபம் நிறைந்துவிட்டது. வெக்கைக்கு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார்கள். முதல் பாட்டிலேயே என் கிற்றார் தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல் கேட்டது. தங்கச்சியின் குரல் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒட்டாமல் என் வாத்தியம். பாட்டின் நடுவில் குனிந்து திருகாணிகளைத் தேடவும் முடியவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சின்ன இடங்களில் வாசிக்க என்ன அம்ப் வாங்கலாம் என்று என்னிடம் கிற்றார் பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். அந்த இரவுக்கு முன்னால் பெயர்களையும் வாற் கணக்கையும் மட்டும் சொல்லியிருப்பேன். இப்போது மண்டபத்தில் இருந்துதான் தொடங்குகிறேன்.

1895இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை என்று முறைப்பாடு வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் அதைத் திருத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அந்த மண்டபத்தில் பரப்பி, ஒவ்வொரு தடவையும் சத்தம் ஓய எத்தனை செக்கன் ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து ஒரு எளிய கணக்கு பிறந்தது. மண்டபத்தின் கனவளவை 0.161 ஆல் பெருக்கி, அது உறிஞ்சும் அளவால் வகுத்தால் முழக்கம் ஓயும் நேரம் வரும். உறிஞ்சலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல். திறந்த யன்னலால் வெளியே போன சத்தம் திரும்பி வருவதில்லை. ஆகவே ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல் என்றால் ஒரு அலகு.

எங்கள் சனசமூக நிலைய மண்டபம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம். 384 கன மீற்றர். சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் தங்கள் மேல் படும் சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். வெறும் மண்டபம் முழுவதும் சேர்ந்து ஒன்பது அலகு தேறலாம். கணக்குப் போட்டால் ஆறேழு செக்கன் முழக்கம். அடுக்கிய கதிரைகளும் திரைச்சீலையும் அதைக் கொஞ்சம் குறைத்திருக்கும், ஆனாலும் கிணறுதான். எட்டு யன்னலையும் திறந்தால் பன்னிரண்டு அலகு கூடி, மூன்று செக்கனுக்குக் கீழே வந்துவிடும். அறுபது பேர் வந்து இருந்தால், ஆளுக்கு அரை அலகுக்குச் சற்றுக் குறைவாக வைத்தாலும், ஒன்றேகால் செக்கன்தான் மிஞ்சும்.

ஐயா கேட்ட கிணறும் நான் கேட்ட தகரமும் ஒரே மண்டபம். இடையில் இரண்டரை மணித்தியாலமும், எட்டு யன்னலும், அறுபது சனமும். அன்று நான் அம்பில் குறைத்த றிவேர்ப், சனம் வந்த பிறகு வேண்டியிருந்த றிவேர்ப்.

இங்கே சவுண்ட் செற்காரர் எல்லாவற்றையும் 'எக்கோ' என்றுதான் சொல்வார்கள். "எக்கோ காணுமோ அண்ணை?" என்று கேட்டுக்கொண்டே மைக்கில் அதைக் கூட்டிவிடுவார்கள். எக்கோ என்றால் சொன்ன சொல் திரும்பி வருவது. றிவேர்ப் என்றால் சொல் திரும்பாமல் அதன் வால் மட்டும் நீளுவது. சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் வயிறு பட எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்க்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது. கூப்பிட்ட பெயர் தனியாகத் திரும்பி வராது, ஒரு கூ என்ற நீளம்தான் மேலே வரும். அதுதான் றிவேர்ப்.

அம்புக்குள் அந்தக் கிணற்றைக் கொண்டுவந்தது ஒரு சோடிச் சுருள் கம்பி. தேவாலய ஓர்கன் வீட்டு அறைக்குள் வந்தபோது தேவாலயத்தின் முழக்கம் கூட வரவில்லை. அதற்காக ஹமண்ட் என்ற மின் ஓர்கன்களில் ஸ்பிரிங் வைத்தார்கள். ஒரு முனையில் சத்தத்தைக் கம்பியின் அசைவாக மாற்றி அனுப்பினால், அது மறுமுனைக்குப் போய்ச் சேரச் செக்கனில் முப்பதில் ஒரு பங்கு அளவு ஆகும். பிறகு அங்கும் இங்கும் மோதி மோதி ஓயும். ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கிற்றார் நிறுவனம் 1961இல் அதைத் தனிப் பெட்டியாகக் கிற்றார்காரருக்கு விற்றது. 1963இல் வைப்ரோவேர்ப் என்ற அம்புக்குள்ளேயே அதை வைத்தது. ஸ்பிரிங் றிவேர்ப்பில் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு சத்தம் உண்டு, கம்பியைச் சட்டென்று நிறுத்தி மீட்டினால் கேட்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் பலகை மேடையில் ஆடும் பிள்ளைகள் குதித்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து குதிக்கும், இடி முழங்கியதுபோல் சபை திரும்பிப் பார்க்கும். மேடையில் நடனம் இருக்கிறது என்றால் ஸ்பிரிங் அம்பைக் கீழே தரையில் இறக்கிவிடுங்கள்.

சரி, இனிச் சுத்தமான ஒலிக்கு வருவோம். அம்ப் தாங்கும் அளவுக்கு மேல் போய்க் கரகரக்கும் உடைந்த ஒலி றொக் இசைக்கு அழகு, அதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் இசைக்கு ஏன் அது இடைஞ்சல் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இதை நானே காதால் பிடிக்கப் பல வருடம் எடுத்தது.

கிற்றாரில் நான் ஒரு கம்பியைச் சுருதியாகத் திறந்து ஒலிக்க விட்டு, இன்னொரு கம்பியில் இராகத்தை வாசிப்பேன். சுருதி 220 ஹேர்ட்ஸ், அது ஸட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். மேலே பஞ்சமம் 330. இரண்டும் ஒரு சுத்தமான அம்பால் போனால் அந்த இரண்டும்தான் வெளியே வரும். அம்ப் உடையத் தொடங்கினால் இரண்டின் கூட்டலும் கழித்தலும் புதிதாக முளைக்கும். 330இல் 220 போனால் 110. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம், ஆகவே காதுக்குக் குற்றமாகத் தெரியாது, கனமாகக்கூட இருக்கும். இப்போது கல்யாணியில் வருவதுபோல் பஞ்சமத்தில் இருந்து பிரதி மத்திமத்துக்கு அசைத்து இறங்குகிறேன். 330, 311 ஆகிறது. அரைச் சுரம்தான் இறக்கம். கீழே முளைத்த பேயோ 110இல் இருந்து 91க்கு விழுகிறது. அது மூன்று சுரத்தானத்துக்கும் மேல். நான் மெல்ல அசைக்கிற கமகத்துக்குக் கீழே, நான் கேட்காத ஒரு குரல் அதைவிட மூன்று மடங்கு அகலத்தில் ஆடுகிறது. வயலின்காரர் சுருதி சேரவில்லை என்று முகம் சுளிப்பார். கம்பியை எத்தனை தரம் முறுக்கிச் சரி பார்த்தாலும் அது போகாது, ஏனென்றால் பிழை கம்பியில் இல்லை.

இதற்காகத்தான் நான் சுத்தமான அம்ப் என்று பிடிவாதமாக நிற்கிறேன். விலையை விட, பெயரை விட, பாரத்தை விட எனக்கு இது முக்கியம்.

சுத்தமாக இருக்க எத்தனை வாற் வேண்டும்? இதைச் சொல்ல எனக்கு 90களின் தொடக்கம்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்கள். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிற முறை எனக்கு வரும்போது கை களைத்து வேகம் குறையும், பாட்டு இழுபடும், திண்ணையில் இருந்து மாமா சத்தம் போடுவார். அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அதில் முற்றத்தில் இருந்த பத்துப் பேரும் பாட்டுக் கேட்டோம்.

ஒரு நல்ல கிற்றார் ஸ்பீக்கர் ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 97இல் இருந்து 100 டெசிபல் வரை தரும். அப்படியான ஸ்பீக்கருக்கு 3 வாற் கொடுத்தால் 102 டெசிபல், பக்கத்தில் நிற்க முடியாத சத்தம். வாற்றை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாற் வேண்டும். ஆகவே 20 வாற்றுக்கும் 40 வாற்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை, 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டே பெற்றுவிடலாம். கடையில் வாற் எழுதியிருப்பதைப் பார்ப்பவர்கள் ஸ்பீக்கரின் இந்த எண்ணைக் கேட்பதில்லை. கேளுங்கள்.

அப்படியென்றால் 3 வாற் அம்ப் போதுமே என்று தோன்றும். போதாது. கம்பியைத் தட்டுகிற அந்தக் கணத்தின் உச்சம், பிறகு நீளும் ஒலியை விடப் பத்து டெசிபலாவது மேலே நிற்கும். சராசரியாக இரண்டு வாற்றில் வாசித்தாலும் அந்தக் கணத்துக்கு இருபது வாற் கேட்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டின் தலையும் நசியும். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பவருக்கு அந்தத் தலைதான் தாளம்.

இனி அம்புகள். 1963இல் வந்த ஃபெண்டர் டிலக்ஸ் றிவேர்ப் 22 வாற், 6வி6 என்ற இரண்டு ரியூப் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். நான் கேட்ட றிவேர்ப்புகளில் அழகானது அதில்தான் இருக்கிறது. வால்யூமை நாலு ஐந்துக்கு மேல் ஏற்றினால் மெல்ல உடையத் தொடங்கும். இரண்டாவது இன்புற்றில் பிளக்கைச் செருகினால் 6 டெசிபல் குறைவாக உள்ளே போகும், உடைவதும் பிந்தும். அடுத்த வருடம் வந்த பிரின்ஸ்ரன் றிவேர்ப் பத்து அங்குல ஸ்பீக்கரோடு 12, 15 வாற். வீட்டு முற்றத்தில் குரலோடு மட்டும் வாசிக்க அதைவிட எனக்கு எதுவும் பிடித்ததில்லை, மிருதங்கம் சேர்ந்தவுடன் அதற்கு மூச்சு முட்டும். ருவின் றிவேர்ப் 85 வாற், 29 கிலோ. சுத்தத்தில் குறை சொல்ல இடமில்லை, சனசமூக நிலையத்துக்கு அது தேவையுமில்லை. 2019இல் வந்த ரோன் மாஸ்ரர் டிலக்ஸ் றிவேர்ப்பில் ரியூப் கிடையாது, எல்லாம் டிஜிற்றல். ரியூப் அம்பின் பாதியளவு பாரம்தான், பின்னால் உள்ள சுவிச்சில் 22 வாற்றில் இருந்து 0.2 வரை இறக்கலாம். பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது பொஸ் கட்டானா 50. அரை வாற்றில் வீட்டில் பழகலாம், ஐம்பதில் மேடைக்கும் கொண்டுபோகலாம்.

மற்றக் குடும்பம் றோலண்ட் ஜாஸ் கோரஸ். முதலாவது ஜேசி-120, 1975இல் வந்தது. ரியூப் இல்லாதது. இரண்டு ஸ்பீக்கர், இரண்டு தனி அம்ப். கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலியும் மற்றதில் சற்றே அசைந்த ஒலியும் வந்து இரண்டும் காற்றில்தான் கலக்கும். ரியூப் அம்ப் வால்யூம் ஏற ஏற மெல்லக் கனிந்து உடையும். இது எல்லை வரைக்கும் அசையாமல் நிற்கும். சிலர் அதை உயிரில்லாத ஒலி என்பார்கள். அந்தப் பேய்க் குரலைக் கேட்டுக் களைத்த எனக்கு அது நிம்மதி.

கரண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் அம்ப் பலதும் கனடாவில் இருந்தோ ஜப்பானில் இருந்தோ வருகிறது. கனடாவில் 120 வோல்ற், ஜப்பானில் 100, எங்களுக்கு 230. மச்சான் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து தந்த ரியூப் அம்பை, பின்தட்டில் எழுதியிருந்ததைப் பாராமல் நான் நேரே செருகினேன். பியூஸ் போனதோடு தப்பியது என் அதிர்ஷ்டம். இறக்கு மின்மாற்றி வாங்கும்போது அம்பின் பின்தட்டில் உள்ள வாற்றை விடப் பெரியதாக வாங்குங்கள். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய மின்மாற்றி எங்கள் 50இல் கூடச் சூடாகும், எங்கள் வெக்கையில் அது சின்ன விடயம் இல்லை. இரவில் வோல்ற் 200க்கு இறங்கினால், ரியூப்பின் சூடாக்கிக்கு வரவேண்டிய 6.3 வோல்ற் ஐந்தரைக்கு வந்துவிடும். ஒலி சோர்ந்துபோகும். ரியூப் அம்பைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ற் தங்கி நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஏர்த். ஏர்த் இல்லாத மண்டபத்தில் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டு அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இப்போது நான் ஒரு சோதிக்கும் பிளக் கொண்டு போகிறேன், ஏர்த் இல்லையென்றால் செருகுவதில்லை, யார் கோபித்தாலும் சரி.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், எட்டு டபிள்-ஏ பெற்றறியில் வேலை செய்யும் றோலண்ட் கியூப் ஸ்ரீட் இஎக்ஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு பிறந்தநாள் வீட்டில் வாசித்தேன். ஐம்பது வாற், ஜேசியின் சுத்த ஒலியும் றிவேர்ப்பும் உள்ளே இருந்தன. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், கரண்டை எதிர்பார்க்காமல் இரண்டு மணித்தியாலம்.

கடைசியில் நான் வாங்கியது ஜேசி-40. இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர், 40 வாற், 16 கிலோ அளவு, ஓட்டோவின் பின்சீற்றில் கிற்றாரோடு சேர்ந்து இருக்கும். அதன் றிவேர்ப் டிஜிற்றல். ஸ்பிரிங்கின் அந்தச் சொட்டுச் சத்தம் அதில் இல்லை, அதற்காக நான் இன்னும் ஏங்குகிறேன். ஆனால் மேடையில் பிள்ளைகள் குதிக்கலாம், வோல்ற் இறங்கினாலும் நான் பதறுவதில்லை. டிலக்ஸ் றிவேர்ப்பை விட்டு இதை எடுத்தது கமகத்துக்காக. அதில் எனக்கு இன்றுவரை மனக்குறை இல்லை.

வைக்கிற இடமும் மாறிவிட்டது. முன்பு சுவர் மூலையில் தரையில் வைப்பேன். மூலை பாஸைத் தேவைக்கு மேல் ஊதிவிடும், உயர்ந்த ஒலிகள் என் முழங்காலுக்குக் கீழால் நேரே போய் முன்வரிசையில் இருப்பவர்களின் காதைக் குத்தும். இப்போது சுவரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி, பிளாஸ்ரிக் கதிரையில், சற்று மேலே பார்க்கச் சாய்த்து வைக்கிறேன். பாஸைக் குறைத்தே வைக்கிறேன், மிருதங்கத்தின் இடந்தலைக்கு இடம் விட வேண்டும். றிவேர்ப் திருகாணியில் வெள்ளைப் பேனையால் இரண்டு புள்ளி போட்டிருக்கிறேன்: ஒன்று வெறும் மண்டபத்துக்கு, மற்றது சனம் வந்த பிறகு. முதல் பாட்டுக்கு முன்னால் இரண்டாவது புள்ளிக்குத் திருப்பிவிட்டுத்தான் இருப்பேன்.

போன ஞாயிறு வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வாசிகசாலை மண்டபத்தைப் பார்க்கப் போனேன், வரும் மாதம் அங்கே வாசிக்க இருக்கிறோம். உள்ளே போய் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டினேன். ஓய மூன்று செக்கன் அளவு ஆனது. யன்னல்களை எண்ணினேன், பத்து. திறப்பு வைத்திருந்த அண்ணையிடம் கேட்டேன்:

"அண்ணை, நிகழ்ச்சி நேரம் யன்னல் எல்லாத்தையும் திறந்து விடலாமோ?"

"திறக்கலாம் தம்பி. இந்த ரெண்டு மட்டும் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. நான் நாளைக்கு எண்ணெய் விட்டு வைக்கிறன்."